காற்று வெளியேற ஒரு வழி

கம்பனி செய்த காரை அப்படியே வைத்து ஓட்டுகிறவருக்கு எஞ்சின் சூடேறினால் வேலை சுலபம். எது பழுதானதோ அதை மாற்றினால் போதும். தன் கையால் கார் செய்தவருக்கு அந்த வசதி இல்லை. அவருடைய காரில் எல்லாப் பாகமும் நன்றாக இருக்கும்போதே எஞ்சின் சூடேறும். ரேடியேட்டர் புதிது, வாட்டர் பம்ப் புதிது, ஃபேன் சுழல்கிறது. இருந்தும் கல்முனையில் புறப்பட்ட கார் அக்கரைப்பற்றைத் தொடுமுன் ஹீட் மீட்டரின் முள் சிவப்புக்குப் போய்விடுகிறது.

இலங்கையில் இப்படிப்பட்ட கார்கள் இருப்பதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மறுபடி அனுமதி கிடைக்க 2025 பெப்ரவரி ஆயிற்று. 1970களிலும் இறக்குமதிக்கு இறுக்கமான கட்டுப்பாடு இருந்தது. புதுக் கார் வராத நாட்டில் பழைய காரின் ஆயுள் நீள்கிறது. 1948இல் பிறந்த மொரிஸ் மைனர் இங்கே இன்னும் தெருவில் ஓடுவது அதனால்தான். அதன் உடல் கெட்டியான இரும்பு. தேய்ந்து போவது எஞ்சின்தான். ஆகவே உடலை வைத்துக்கொண்டு, உள்ளே ஒரு ஜப்பானிய எஞ்சினை இறக்குகிறார்கள். மைனரின் கடைசி எஞ்சின் 1098 சீசீ, 48 குதிரைவலு. புதிதாக ஏறுவது 1300 அல்லது 1500 சீசீ. வலு ஏறத்தாழ இருமடங்கு. முன்னால் இருந்த ரேடியேட்டர், அதைச் சுற்றியிருந்த தகரம், பொனட்டுக்குள் இருந்த இடைவெளி எல்லாம் பழைய எஞ்சினுக்காக அளந்து வைத்தவை.

இங்கே எல்லோரும் முதலில் சொல்லும் விளக்கம், பெரிய எஞ்சின் அதிகச் சூடு தரும் என்பது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது பாதிதான் சரி.

ஒரு லீட்டர் பெற்றோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் சக்தி இருக்கிறது. சமதரையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் சிறிய கார் ஒரு மணித்தியாலத்தில் சுமார் 3 லீட்டர் குடிக்கும். அதை வலுவாக மாற்றினால் 27 கிலோவாட் வருகிறது. பெற்றோல் எஞ்சினில் இதைப் பருமட்டாக மூன்றாகப் பிரிக்கலாம். ஒரு பங்கு சைலன்சர் வழியாகப் புகையோடு போகும். ஒரு பங்கு எஞ்சினைச் சுற்றியுள்ள தண்ணீருக்குப் போகும். மிச்சத்தில்தான் சக்கரமும் சுழல வேண்டும், உராய்வும் தீர வேண்டும். தண்ணீருக்குப் போகும் பங்கு 9 கிலோவாட். வீட்டில் இருக்கும் 2 கிலோவாட் மின்கேத்தில் நாலரையை ஒரே நேரத்தில் போட்டுவிட்ட அளவு வெப்பம். இந்தக் கணக்குக்குச் சாதாரண தரத்து விஞ்ஞானமே போதும்.

கவனிக்க வேண்டியது இதுதான்: சமதரையில் 60இல் போகும் மைனருக்குத் தேவையான வலு, உள்ளே எந்த எஞ்சின் இருந்தாலும் ஏறத்தாழ ஒன்றே. தள்ள வேண்டிய காற்றும் அதே காற்று, உருட்ட வேண்டிய பாரமும் அதே பாரம். 90 குதிரை எஞ்சின் அந்த வேகத்தில் 90 குதிரையையும் வேலைக்கு எடுப்பதில்லை. ஆகவே நிந்தவூர் தெருவில் நிதானமாகப் போகும்போதே சூடேறுகிற காரில் பெரிய எஞ்சினைக் குற்றம் சொல்ல இடமில்லை. எஞ்சின் தரும் வெப்பம் வெளியே போகும் பாதையில் எங்கோ அடைப்பு இருக்கிறது.

மலை ஏறும்போது கதை மாறும். கல்முனையிலிருந்து அம்பாறை, மகியங்கனை வழியாகக் கண்டிக்குப் போகிறவர்களுக்குப் பதினெட்டு வளைவு தெரியும். அங்கே 8 சதவீதச் சாய்வில், 1000 கிலோ காரை மணிக்கு 30 கிலோமீட்டரில் ஏற்றினால், சமதரையில் 60இல் ஓடுவதைவிட எஞ்சினுக்கு நெருங்க இரட்டிப்பு வேலை. தண்ணீரில் சேரும் வெப்பம் மூன்றிலொரு பங்கு கூடும். கார் நிறையச் சொந்தக்காரர் இருந்தால் இன்னும் கூடும். வேகமோ பாதி. காற்று ரேடியேட்டரில் மோதும் அமுக்கம் வேகத்தின் வர்க்கத்தோடு போவதால், அது கால்வாசியாகிவிடுகிறது. வெப்பம் கூடுகிற அதே இடத்தில் குளிர்விக்கும் காற்று குறைகிறது. கீழே கரையோரத்தில் ஒழுங்காக ஓடிய கார் அங்கே கொதிப்பதற்கு வேறு மர்மம் தேவையில்லை.

கரையோரத்துக்கும் தனிச் சுமை உண்டு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகல் வெப்பநிலை 33, 34 பாகைக்குப் போகும். தண்ணீர் 90 பாகையில் இருந்தால், அதற்கும் வெளிக் காற்றுக்கும் வித்தியாசம் 57 பாகை. நுவரெலியாவின் 18 பாகைக் காற்றில் அந்த வித்தியாசம் 72. ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பம் இந்த வித்தியாசத்துக்கு நேர்விகிதம். அதே ரேடியேட்டர் நம் ஊரில் ஐந்திலொரு பங்கு குறைவாக வேலை செய்கிறது. முன்னால் ஏசி கண்டென்சரையும் மாட்டினால், ரேடியேட்டருக்கு வந்து சேருவது ஏற்கெனவே சூடேறிய காற்று.

இனிக் காற்றைப் பார்ப்போம். தானே கார் செய்கிறவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். தண்ணீரைப் பற்றி யோசிக்கிற அளவுக்கு அவர்கள் காற்றைப் பற்றி யோசிப்பதில்லை. 9 கிலோவாட்டைக் கொண்டு போக, காற்று 30 பாகை சூடேறுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு செக்கனுக்கு 300 கிராம் காற்று வேண்டும். அது கால் கன மீட்டருக்குச் சற்றுக் கூட. ரேடியேட்டரின் முகம் 0.2 சதுர மீட்டரானால் காற்று அதற்குள்ளால் செக்கனுக்கு 1.3 மீட்டர் வேகத்தில் போனால் போதும். கார் 60இல் போகும்போது எதிரே வரும் காற்றின் வேகம் செக்கனுக்கு 16.7 மீட்டர். தேவையோ அதில் பதின்மூன்றிலொரு பங்கு. அதுகூட ஏன் கிடைப்பதில்லை?

ஏனென்றால் காற்றை உள்ளே தள்ளும் அமுக்கம் மிகச் சிறியது. 60இல் அது 160 பாஸ்கல். தண்ணீர் நிரலாகச் சொன்னால் 16 மில்லிமீட்டர். இந்தச் சின்ன அமுக்கத்தால் காற்று ரேடியேட்டரின் தகடுகளுக்கிடையே புகுந்து, எஞ்சினைச் சுற்றி வளைந்து, கீழே எங்காவது வெளியேற வேண்டும். பொனட்டுக்குள் வெளியேற வழி இல்லாவிட்டால் அங்கே அமுக்கம் ஏறும். உள்ளே இருக்கும் அமுக்கமும் முன்னால் இருக்கும் அமுக்கமும் சமமானால் காற்று நின்றுவிடும். முன்னால் எவ்வளவு பெரிய ஓட்டை வெட்டினாலும் பயனில்லை. பழைய மைனரில் சின்ன எஞ்சினுக்கு இரு பக்கமும் தாராள இடம் இருந்தது. சூடான காற்று கீழே இறங்கிப் போயிற்று. புது எஞ்சின், அதன் இன்டேக், ஏசி கம்பிரசர், பவர் ஸ்டியரிங் பம்ப் எல்லாம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்ட பிறகு, காற்று வெளியேற வழியை நாம்தான் செய்து கொடுக்க வேண்டும்.

இதற்குப் பலர் செய்யும் வைத்தியம், பொனட்டின் பின் விளிம்புக்குக் கீழே இரண்டு வாஷர் போட்டு அதைத் தூக்கி வைப்பது. நின்ற இடத்தில் அதனால் பலன் உண்டு. சூடான காற்று மேலே எழும்பித் தப்பும். ஓடும்போது நேர்மாறாகிவிடுகிறது. முன் கண்ணாடியின் அடிப்பகுதியில் காற்று மோதித் தேங்குவதால் அங்கே அமுக்கம் அதிகம். அந்த இடைவெளி வழியாகக் காற்று உள்ளே வரப் பார்க்கும். ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் அமுக்கத்தை இன்னும் ஏற்றிவிடும். வெளியேறும் வாசலைப் பொனட்டின் முன்பாதியில் வைக்கலாம். முன் சக்கர வளைவுக்குள் வைக்கலாம். எஞ்சினுக்குப் பின்புறம் அடிப்பாகத்தில் வைக்கலாம். கம்பளி நூலைத் துண்டு துண்டாக வெட்டிப் பொனட்டில் டேப்பால் ஒட்டி, கூட்டாளி ஒருவரைப் பக்கத்தில் வரும் வண்டியில் இருத்தி வீடியோ எடுக்கச் சொன்னால், காற்று எந்த இடத்தில் உள்ளே போகிறது, எந்த இடத்தில் வெளியே வருகிறது என்று நூலின் நுனி காட்டிக் கொடுக்கும்.

காற்று சோம்பேறி, சுலபமான வழியைத்தான் தேடும். ரேடியேட்டரின் இரு பக்கத்திலும் இரண்டு விரல் இடைவெளி இருந்தால், எதிர்ப்பு நிறைந்த தகடுகளை விட்டுவிட்டு அந்த இடைவெளியால் போய்விடும். மெதுவாகப் போகும்போது இதைவிட மோசம்: ஃபேன் பின்னால் தள்ளிய சூடான காற்று அதே இடைவெளியால் முன்னால் சுற்றி வந்து மறுபடி ரேடியேட்டருக்குள் புகும். கல்முனைச் சந்தைக்கு முன்னால் வாகனம் நெரிந்து நிற்கும்போது முள் ஏறி, வெளித் தெருவுக்குப் போனதும் இறங்குகிற காரில் நான் முதலில் பார்ப்பது இந்த இடைவெளிகளைத்தான். ரப்பர் சீட்டும் ஸ்பஞ்சும் வாங்கி ரேடியேட்டரைச் சுற்றி அடைத்துவிடுங்கள். இந்தப் புத்தகத்தில் சொல்லப்படும் திருத்தங்களிலேயே செலவு குறைந்ததும் பலன் கூடியதும் இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஃபேனைச் சுற்றி வரும் பிளாஸ்டிக் கூடும் அப்படித்தான். கம்பனிக் காரில் அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஃபேனை நேரடியாகத் தகட்டோடு கட்டிவைத்த வண்டிகள் ஏராளம். கூடு இல்லாத ஃபேன் தன் வட்டத்துக்கு நேரே இருக்கும் தகடுகளால் மட்டும் காற்றை இழுக்கும். நான்கு மூலைகளும் வேலையில்லாமல் கிடக்கும். தகட்டிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் தள்ளி, முழு முகத்தையும் மூடும்படி தகரத்தில் ஒரு கூடு அடித்து அதில் ஃபேனைப் பொருத்தினால் மூலைகளும் வேலைக்கு வரும்.

மைனரில் இன்னொரு பொறியும் இருக்கிறது. அந்தக் காரில் பேட்டரியின் பொசிட்டிவ் முனைதான் உடலோடு எர்த். ஜப்பானிய எஞ்சின் வந்தால் நெகட்டிவ் எர்த்தாக மாற்றுகிறார்கள். பழைய பழக்கத்தில் ஃபேனின் இரண்டு வயரையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் ஃபேன் எதிர்ப்பக்கம் சுழலும். சத்தம் அதே சத்தம், காற்றும் ஏதோ கொஞ்சம் வரும். ஓடும்போது எதிர்க்காற்றோடு மல்லுக்கு நிற்கும். ஒரு தாளை எடுத்துக் கிரில்லுக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். தாள் ஒட்டிக்கொண்டால் சரி, தள்ளினால் வயரை மாற்றுங்கள். பழைய மெல்லிய வயரில் மின்னழுத்தம் விழுந்தாலும் தொல்லைதான்: ஃபேனின் வேகம் ஐந்திலொரு பங்கு குறைந்தால், அது உண்டாக்கும் அமுக்கம் மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். ரிலேயும் தடித்த வயரும் கட்டாயம்.

காற்றுக்குப் பாதை செய்வதில் மனிதர் எவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள் என்பதற்கு ஒரு வானூர்தி உதாரணம். 1930களில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ ஆய்வு நிலையத்தில் மெரிடித் என்ற பொறியியலாளர், வானூர்தி ரேடியேட்டரை ஒரு குழாய்க்குள் வைப்பதைப் பற்றிக் கணக்கிட்டார். குழாயின் வாய் சிறியது. உள்ளே போகப் போக அகலும். அகலும்போது காற்றின் வேகம் குறைந்து அமுக்கம் கூடும். மெதுவான, அமுக்கம் கூடிய அந்தக் காற்று ரேடியேட்டருக்குள் சீராகப் போய்ச் சூடேறி, பின்னால் குறுகும் வாய் வழியாக வேகமாக வெளியேறும். இரண்டாம் உலகப் போரின் மஸ்டாங் விமானத்தின் வயிற்றில் தொங்குவது அந்தக் குழாய்தான். நமக்கு இதில் பாடம் உண்டு. முன்னால் இருக்கும் வாய், ரேடியேட்டர் முகத்தின் மூன்றிலொரு பங்கு இருந்தாலே போதும். வாயிலிருந்து ரேடியேட்டர் வரை நாலு பக்கமும் தகரத்தால் மூடிய பாதை இருக்க வேண்டும். கிரில்லைப் பெரிதாக்குகிறவர்கள் அந்தப் பாதையைச் செய்தால் கிரில்லை விட்டுவிடலாம்.

தண்ணீரின் பாதைக்கு வருவோம். கராஜ்களில் எப்போதும் நடக்கும் ஒரு பேச்சு:

“காக்கா, தெர்மோஸ்டட்டைக் கழட்டிட்டா தண்ணி வேகமா ஓடும்தானே?”

“ஓடும் தம்பி. எங்கால ஓடும் எண்டு பார்த்தியா?”

கேள்வி சரியான கேள்வி. பல எஞ்சின்களில் தண்ணீருக்கு இரண்டு வழி இருக்கிறது: ஒன்று ரேடியேட்டர் வழி, மற்றது ரேடியேட்டருக்குப் போகாமலே எஞ்சினுக்குத் திரும்பும் குறுக்கு வழி. தெர்மோஸ்டட்டுக்குள் ஒரு சிறு செப்புக் குப்பியில் மெழுகு இருக்கிறது. 82 அல்லது 88 பாகையில் அது உருகி விரிந்து ரேடியேட்டர் வழியைத் திறக்கிறது. சில எஞ்சின்களில் அதே அசைவால் குறுக்கு வழியை மூடுகிறது. அந்த எஞ்சின்களில் தெர்மோஸ்டட்டைக் கழற்றி எறிந்தால் குறுக்கு வழி நிரந்தரமாகத் திறந்து கிடக்கும். தண்ணீரின் ஒரு பங்கு குளிராமலே சுற்றிச் சுற்றி வரும். சூடேறும் எஞ்சின் இன்னும் சூடேறும். குறுக்கு வழி சிறிதாக இருக்கும் எஞ்சினில் எதிர்மாறு: தேவையான சூட்டுக்கே வராமல் ஓடி, பெற்றோலைக் கூடக் குடித்து, சிலிண்டரைத் தேய்க்கும். தெர்மோஸ்டட்டைச் சந்தேகித்தால் ஒரு சட்டித் தண்ணீரில் போட்டு அடுப்பில் வையுங்கள். கொதிக்கு முன்னரே வாய் முழுதாகத் திறக்க வேண்டும், ஆறினால் மூட வேண்டும். திறக்காவிட்டால் புதிதை வாங்கிப் போடுங்கள். வெறும் ஓட்டையை விடாதீர்கள்.

பம்பே இல்லாமல் ஓடிய கார்களும் உண்டு. ஃபோர்டின் மாடல் டீயில் முதல் 2500 கார்களுக்குப் பிறகு வாட்டர் பம்பை எடுத்துவிட்டார்கள்; ஆரம்ப கால மொரிஸ் மைனரிலும் பம்ப் இருக்கவில்லை. சூடான தண்ணீர் மேலே எழும்பும், குளிர்ந்தது கீழே இறங்கும். அந்தச் சுழற்சியே போதுமானதாக இருந்தது. அதற்காக ரேடியேட்டரின் தலை எஞ்சினின் தலையைவிட உயர்ந்து நின்றது. புது எஞ்சினைப் போட்டவர் பொனட் மூடவேண்டுமென்று ரேடியேட்டரைத் தாழ்த்தி வைப்பார். இப்போது பம்ப் இருப்பதால் சுழற்சிக்குத் தொல்லையில்லை, ஆனால் உள்ளே மாட்டிய காற்றுக் குமிழ் எங்கே போவது? அது உயரமான இடத்தைத் தேடும். இப்போது உயரமான இடம் சிலிண்டர் ஹெட்; காரிலேயே மிகச் சூடான இடம். ஹெட்டுக்குள் தண்ணீருக்குப் பதில் குமிழ் இருந்தால் அந்த இடத்து உலோகம் வெந்துபோகும். சென்சரும் குமிழுக்குள் இருந்தால் முள் ஏறவே ஏறாது. எஞ்சின் எரிகிற நேரத்தில் மீட்டர் நல்லபிள்ளையாக இருக்கும்.

எஞ்சினைப் பின்னால் வைத்துச் செய்யும் கார்களில் இது இன்னும் கடினம். கோயம்புத்தூரின் கரிவர்தன் 1988இல் மாருதி 800இன் 796 சீசீ எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைச் செய்தார். இந்தியாவில் சாதாரண இளைஞர் பந்தயத்துக்கு வருவதற்கு அந்தக் கார்கள்தான் வழி திறந்தன. 1995இல் சிறு விமான விபத்தொன்றில் அவர் இறந்தார். கோயம்புத்தூரின் கரி ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்குகிறது. மாருதியில் முன்னால் குறுக்கே உட்கார்ந்து, பக்கத்திலேயே ரேடியேட்டரோடு ஓடுவதற்காகச் செய்த எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் கொண்டுபோனால், தண்ணீரின் பாதையை முழுவதும் புதிதாக வரைய வேண்டும். குழாய் எங்காவது மேடேறி இறங்கினால் அந்த மேட்டில் காற்று தங்கும். ஒவ்வொரு மேட்டிலும் காற்றைத் திறந்துவிட ஒரு சிறு திருகாணி வைக்க வேண்டும். தண்ணீர் ஊற்றும் வாயை எல்லாவற்றிலும் உயரத்தில் வைக்க வேண்டும். பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் வரும் ரப்பர் ஹோசுக்குள் கம்பிச் சுருள் இல்லாவிட்டால், எஞ்சின் வேகமெடுக்கும்போது ஹோஸ் உள்நோக்கிச் சப்பிப்போகும். நின்ற இடத்தில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அக்சிலரேட்டரைப் பிடித்துக்கொண்டு கீழ் ஹோசைப் பார்க்க வேண்டும்.

ரேடியேட்டர் மூடியைச் சின்ன விஷயமென்று விடுகிறார்கள். ஜப்பானியக் கார்களில் பெரும்பாலும் 0.9 பார் மூடி. அந்த அமுக்கத்தில் தண்ணீர் 100இல் கொதிக்காது. 118, 119 பாகையில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் வெடித்துவிட்டால் இந்த 18 பாகையும் போயிற்று. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது என்பதற்கும் காரணம் இதுதான். 119 பாகையில் 6 லீட்டர் தண்ணீர் இருக்கும் ரேடியேட்டரைத் திறந்தால், 200 கிராம் தண்ணீர் அந்தக் கணமே ஆவியாகும். ஆவி 300 லீட்டருக்கு மேல் இடம் கேட்கும். அது மிச்சத் தண்ணீரையும் தூக்கிக்கொண்டு முகத்துக்குத்தான் வரும். மூடிக்குள் இன்னொரு குட்டி வால்வும் உண்டு. எஞ்சின் ஆறும்போது, வழிந்த தண்ணீர் சேரும் போத்தலிலிருந்து அதைத் திரும்ப இழுப்பது அந்த வால்வின் வேலை. காலையில் வந்து பார்க்கும்போது மேல் ஹோஸ் தட்டையாக ஒட்டிக் கிடந்தால் அந்த வால்வு அடைத்துவிட்டது.

எந்தத் தண்ணீரை ஊற்றுகிறோம் என்பது நம் கரையோரத்தில் பெரிய கேள்வி. மணற்தரைக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பும் உப்பும் உண்டு. சுண்ணாம்பு சூடான சுவரில் படியும். அந்தப் படிவு ஒரு மில்லிமீட்டர் தடித்தால், வெப்பத்தைத் தடுப்பதில் அது 25 மில்லிமீட்டர் வார்ப்பிரும்புக்குச் சமம். உப்பிலுள்ள குளோரைட்டு அலுமினிய ஹெட்டையும் அலுமினிய ரேடியேட்டரையும் குழி குழியாக அரிக்கும். கூலன்ட் உறைபனி நாட்டுக்குத்தான் என்று நினைத்து வெறும் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: நமக்கு அதில் தேவையானது துருவைத் தடுக்கும் மருந்து. காய்ச்சி வடித்த தண்ணீரில் அதைக் கலந்து ஊற்றுங்கள். ஒழுக்கை அடைக்க மஞ்சள் தூள் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது ஒழுக்கை அடைக்கும். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்தே அடைக்கும்.

வெளிப்புறத்தில் கடற்காற்று அதே வேலையைச் செய்கிறது. ரேடியேட்டரின் குழாய்க்கும் தகட்டுக்கும் இடையிலான ஒட்டு உப்பால் விட்டுப்போனால், தகடு இருந்தும் இல்லாததுதான். விரல் நகத்தால் தகட்டைத் தடவிப் பாருங்கள். தூளாக உதிர்ந்தால் கழுவிப் பயனில்லை, ரேடியேட்டரை மாற்றத்தான் வேண்டும்.

கல்முனைக்கு மேற்கே வயலுக்குள் போனால் ரேடியேட்டரே இல்லாமல் வெப்பத்தை வெளியேற்றும் எஞ்சினைப் பார்க்கலாம். சீனத்து ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின் சிலவற்றில் சிலிண்டருக்கு மேலே திறந்த தண்ணீர்த் தொட்டி இருக்கும்; தண்ணீர் மட்டத்தைக் காட்ட ஒரு சிவப்புக் குமிழ் மிதக்கும். தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கும், கொதிக்கத்தான் வேண்டும். ரேடியேட்டரில் 5 பாகை குளிர்ந்து திரும்பும் ஒரு கிலோ தண்ணீர் கொண்டு போவது 21 கிலோஜூல். ஆவியாகிப் போகும் ஒரு கிலோ கொண்டு போவது 2257 கிலோஜூல். நூறு மடங்கு. இந்த எஞ்சின் பூட்டிய லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் உழும் இடத்தில் வாய்க்கால் பக்கத்திலேயே இருப்பதால் வாளியால் மொண்டு ஊற்றினால் போதும். காரில் இது முடியாது. ஆனால் காரின் ஹெட்டுக்குள்ளும் மிகச் சூடான இடங்களில் சின்னக் குமிழ்களாக இதே கொதிப்பு நடந்து, பக்கத்துத் தண்ணீரில் அடங்கிவிடுகிறது. அந்த அளவில் கொதிப்பு நமக்கு நண்பன்.

பாதையெல்லாம் சரியாகி இன்னும் சூடேறினால்தான் எஞ்சினைப் பார்க்க வேண்டும். தீப்பொறி பிந்தி விழுந்தால், எரியும் வாயு வேலை செய்யாமல் வெப்பமாகவே சுவரில் இறங்கும். அதைவிடக் கொடியது நொக்கிங். சிலிண்டர்ச் சுவரை ஒட்டி ஒரு மெல்லிய குளிர்ந்த வாயுப் படலம் இருந்து உலோகத்தைக் காக்கிறது; நொக்கிங்கின் அதிர்வலை அதைக் கிழித்துவிடும், வெப்பம் நேராக உலோகத்துக்குப் போகும். 1990களில் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் ஒஸ்டினும் மொரிஸும் மண்ணெண்ணெயில் ஓடின. கார்புரேட்டருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். மண்ணெண்ணெய் ஆவியாக எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். கூடச் சூடேறினாலோ மண்ணெண்ணெயின் குறைந்த ஒக்டேனால் நொக்கிங் தொடங்கும். அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு எஞ்சினை வருடக்கணக்காக ஓட்டிய மெக்கானிக்குகளின் அறிவை எழுதி வைக்காமல் விட்டது நமக்குப் பெரிய இழப்பு.

எதையும் கழற்றுமுன் மீட்டர் சொல்வது உண்மையா என்று பாருங்கள். பழைய மீட்டரும் புது சென்சரும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் பொய் சொல்லும். கையில் பிடிக்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானியால் தெர்மோஸ்டட் கூட்டை அளக்கலாம். பளபளப்பான அலுமினியத்தில் அது குறைத்துக் காட்டுமாதலால் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி அதன்மேல் அளக்க வேண்டும். பிறகு மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் இரண்டையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 5, 10 பாகையென்றால் தண்ணீர் நன்றாக ஓடுகிறது, காற்றுதான் போதவில்லை. வித்தியாசம் 25, 30 பாகையென்றால் காற்று போதுகிறது, தண்ணீர் ஓடவில்லை. அதற்குப் பிறகு பணம் செலவழியுங்கள்.

மலையேறி முடித்ததும் எஞ்சினை உடனே நிறுத்தாதீர்கள். பம்ப் நின்றுவிட்டால் இரும்பிலுள்ள வெப்பமெல்லாம் அசையாத தண்ணீருக்குள் இறங்கி அங்கேயே கொதிக்கும். இரண்டு மூன்று நிமிடம் ஐட்லிங்கில் விட்டு நிறுத்துங்கள். மறுநாள் காலை, எஞ்சின் ஆறிய பின், போத்தலின் மட்டத்தில் பேனாவால் கோடு போட்டுவைத்து ஒரு கிழமை ஓட்டிப் பாருங்கள். வெளியே ஒழுக்கு இல்லாமலே மட்டம் இறங்கிக்கொண்டு போனால், ஹெட் கேஸ்கட்டால் சிலிண்டருக்குள் தண்ணீர் போகக்கூடும். கராஜில் நீல நிறத் திரவச் சோதனை செய்யச் சொல்லுங்கள்: ரேடியேட்டர் வாயிலிருந்து இழுக்கும் காற்றில் எரிந்த புகையின் காபனீரொட்சைட்டு இருந்தால் அந்த நீலம் மஞ்சளாகும். மஞ்சளானால் ஹெட்டைக் கழற்றி, மட்டப்பலகை வைத்து வளைவு பார்த்து, லேத்தில் சீவிக்கொண்டு வந்துதான் புதுக் கேஸ்கட் போட வேண்டும்.